சாப்பாட்டுக்குப் பிறகுதான் கடிதம்

சிட்லபாக்கம்,
2.9.1988

மதிப்பிற்குரிய திரு. சவுரிமுத்து அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகள் செல்வி ஞானசௌந்தரியின் டிரங்குப் பெட்டியும் படுக்கையும் நேற்று ரயில் பார்சலில் திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டன. பெட்டியை நானே அடுக்கினேன். துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பட்டச் சான்றிதழ் அடியில் ஒரு காகித உறைக்குள் இருக்கிறது. மடிப்பு விழாமல் எடுக்கவும்.

ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் பார்சல் போன பிறகு கிடைத்தது. மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்திருந்தது. படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பெண், தனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று பொழுதுபோக்காக எழுதி வைத்தது. முக்கியமாக ஒன்றும் இல்லை. இரண்டு பக்கம் பார்த்து மூடிவிட்டேன். பிறகு அனுப்புகிறேன்.

உடலை வாங்கிப்போக நீங்கள் வந்திருந்தபோது, என் கூடத்தில் நின்றபடியே, "எங் கடுதாசி அவ கைக்கு வந்துச்சாங்கம்மா?" என்று கேட்டீர்கள். அப்போது சொன்ன பதிலையே எழுத்திலும் தருகிறேன். 26ஆம் தேதி மதியத் தபாலில் வந்த உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டில் யாருக்கு வரும் கடிதமும் தாமதமாவதில்லை. ரயில்வே போலீசாரிடமும் இதைத்தான் சொன்னேன். அப்பாவின் கடிதத்தைப் படித்த மனவருத்தத்தில் ரயில் முன் விழுந்தாள் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் எழுதியதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை.

மாலை ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவேன் என்பதைக் குடிவந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தேன். தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் துணைவியாருக்கு என் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
லோகநாயகி ஸ்ரீநிவாசராகவன்


சிட்லபாக்கம்,
15.9.1988

சவுரிமுத்து சார்,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மூன்று நாட்களாகப் பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் என் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அவள் துணிகளைத் துவைத்து அனுப்பியதற்கு நன்றி கூட எழுதியிருக்கிறீர்கள். முப்பதாம் நாள் பூசை வேண்டாம் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டதாகவும், தற்கொலை செய்துகொண்ட மகளின் பெயரைக் கோயிலில் படிக்கச் சொல்ல வாய் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, உடனே புறப்பட்டு வா, வராவிட்டால் எனக்கு மகளே இல்லை என்று அவளுக்கு எழுதியதை அப்படியே எனக்கும் எழுதிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு என் மகள் எத்தனை மணி நேரம் உயிரோடு இருந்தாள்?

அவள் அதைப் படிக்கவே இல்லை.

நான் உங்களிடம் பொய் சொன்னேன். ஒரு முறை நேரில், ஒரு முறை எழுத்தில். உங்கள் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் ஒட்டிய இடத்தில் பசை அப்படியே இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். யாரும் பிரிக்கவில்லை, நானும் பிரிக்கவில்லை.

எப்படி என்று சொல்கிறேன். என் அப்பாவுக்கு அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகம். அதனால் எட்டு வருஷம் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்தேன். அங்கே பெண்களுக்கு வரும் கடிதங்களை மதர் வாங்கி வைத்துக்கொள்வார். இரவுச் சாப்பாடு முடிந்து, தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். நடுவில் கொடுத்தால் படிப்பு கெடும், சாப்பாடு இறங்காது என்பது அவர் கருத்து. என் கணவர் காலமான பிறகு மாடி அறையைப் படிக்கும் பெண்களுக்கு விட ஆரம்பித்தபோது நானும் அதையே வைத்துக்கொண்டேன். பதினோரு வருஷமாக அப்படித்தான். எந்தப் பெண்ணும் மறுத்துப் பேசியதில்லை. பேச நான் இடம் கொடுத்ததில்லை என்பதே சரி.

26ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு உங்கள் கடிதம் வந்தது. அவள் மாடியில்தான் இருந்தாள். மூன்று மணிக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கிளம்பியபோது என் மேஜையைத் தாண்டித்தான் போனாள். உறை என் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருந்தது. "போயிட்டு வரேன் மேடம்" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

அன்று இரவு கான்ஸ்டபிள் ஜெயவேலு வந்து, "லெட்டர் எதுனா வந்துச்சாம்மா அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டார். வந்தது என்றேன். "குடுத்தீங்களா?" என்றார். அடுத்தவர் கடிதத்தை அமுக்கி வைப்பவள் என்று ஒரு கான்ஸ்டபிள் என்னைப் பார்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. கொடுத்தேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் மற்றதெல்லாம் எழுதப்பட்டது. அவர்கள் மேல் தப்பில்லை.

மறுநாள் நீங்கள் வந்து கேட்டீர்கள். சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை. எனக்கு வயது அறுபத்தெட்டு. சொன்னதை மாற்றிச் சொல்லிப் பழக்கமில்லை.

அப்படியே இருந்திருப்பேன். செவ்வாய்க்கிழமை காலை கிளியம்மாள் வந்தாள். சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில், தண்டவாளத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வரும் ஒற்றையடிப் பாதையில் உட்கார்ந்து பூ விற்பவள். மேம்பாலப் படி இருக்கிறது, யாரும் ஏறுவதில்லை. எல்லோருக்கும் அந்தப் பாதைதான். பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள். சிவப்புப் பெயின்ட் அடித்த பழைய தபால் பெட்டி, வீட்டுக் கேட்டில் மாட்டுவது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. சின்னப் பூட்டும், நூலில் கோத்த சாவியும் இருந்தன.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பல்லாவரம் சந்தைலேர்ந்து வந்து எலெக்ட்ரிக் வண்டில எறங்குச்சி. இன்னா கண்ணு, உண்டியல் வாங்கினு வந்துகீறியான்னேன். இது லெட்டர் பொட்டிக்கா, இத்தக் காட்டி மேடம்கிட்ட திட்டு வாங்கப் போறேன்னு சிரிச்சிச்சி. மணி இன்னாக்கான்னு கேட்டுச்சி. ஏழாவப் போவுதுன்னேன். ஐயோ, கேட்டைப் பூட்டிடுவாங்கன்னு சொல்லிகினே ஓடிச்சி. அது வந்த வண்டி நவுந்ததும் பின்னாடியே தாண்டிடுச்சி. அந்தாண்ட லைன்ல எக்ஸ்பிரஸ் வந்துகினு இருந்திச்சி. கத்தினேம்மா. சத்தத்துல கேக்கல."

இதை ஏன் போலீசில் சொல்லவில்லை என்று அதட்டினேன். "என்னிய யாரும்மா கேட்டாங்க?" என்றாள். பதினெட்டு நாள் அந்தப் பெட்டியைக் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பூ விற்றிருக்கிறாள். அந்தப் பெண்ணின் வீடு எது என்று முந்தின நாள்தான் தெரிந்ததாம்.

அவள் போனதும் மேஜைக்குப் பின்னால் கிடைத்த அந்த நோட்டை எடுத்து முழுக்கப் படித்தேன். அதையும் அனுப்புகிறேன். ஆனால் பார்சல் வந்து சேரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்று சில இடங்களைப் பார்த்து எழுதுகிறேன்.

"எல்லாரும் ரயிலில் ஜன்னல் ஓரத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு வாசற்படி பக்கத்து இடம்தான் பிடிக்கும். ஏறுகிறவர்களின் செருப்பைப் பார்க்கலாம்."

"பல்லாவரத்தில் தோல் வாடை. முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இப்போது அந்த வாடை வந்தால்தான் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைக்கிறேன். இன்னும் இரண்டு ஸ்டேஷன்."

"டைப் அடிப்பது பிடிக்காது. வரி முடியப் போகும்போது ஒரு மணி அடிக்குமே, அது பிடிக்கும்."

"பட்டம் வாங்கியதில் ஒரு கஷ்டம். என்ன படிக்கிறே என்று கேட்டால் சொல்ல ஒன்று இருந்தது. என்ன செய்றே என்றால் இல்லை."

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பிரியாணிக்கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்று வாசனை பிடிப்பேன். மாமி வீட்டில் அதைச் சொன்னால் வாயைக் கொப்பளிக்கச் சொல்வார்."

மாமி என்பது நான். நேரில் மேடம் என்று கூப்பிடச் சொல்லியிருந்தேன். நோட்டில் ஒரு இடத்தில் கூட மேடம் இல்லை. "மாமியின் ரசத்தில் பெருங்காயம் அதிகம். அதை முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் வருகிற அன்று எந்த இன்டர்வியூவுக்கும் போவேன்" என்று எழுதியிருக்கிறாள். பெருங்காயம் அதிகம் இல்லை. ஆனால் இரண்டு நாளாக ரசம் வைக்கவில்லை.

இனி உங்களைப் பற்றி எழுதியது. இதை இரண்டு முறை படியுங்கள்.

"அப்பாவின் கடிதத்தில் முதல் பத்தி மழை. இரண்டாவது பத்தி மாடு. மூன்றாவதில்தான் திட்டு. நான் முதலில் மூன்றாவதைப் படித்துவிட்டு, பிறகு சாவகாசமாக மழைக்கு வருவேன். அப்பாவுக்குத் திட்டத் தெரியாது. திட்டும்போதுதான் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கோபம் வந்தால் யாருக்காவது கையெழுத்து அழகாகுமா?"

கடைசிப் பக்கம் 25ஆம் தேதி எழுதியது. "இந்த வீட்டில் எனக்குப் பிடிக்காத ஒன்றே ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகுதான் கடிதம். அப்பாவின் மழை ஆறிப்போய் வருகிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தையில் பழைய தபால் பெட்டி கிடைக்கும் என்று டைப் வகுப்பில் சாமுண்டீஸ்வரி சொன்னாள். வாங்கி வந்து கேட்டில் மாட்டலாமா என்று மாமியைக் கேட்கப் போகிறேன். திட்டுவார். கேட்பேன். ரசத்தைச் சொல்வதற்கு இது ஒத்திகை."

சார், இதை எழுதியவள் சாகப் போனவள் இல்லை. வீட்டுக்கு ஓடிவந்தவள். நான் பூட்டப்போகும் கேட்டுக்குள் நுழைய ஓடிவந்தவள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதையும் எழுதிவிட்டால்தான் எழுதியது முழுதாகும். அன்று ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டினேன். ஏழே காலுக்கு யாரோ தட்டினார்கள். அவள்தான், வெளியே நின்று புத்தி வரட்டும் என்று பத்து நிமிஷம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தட்டியவர் ஸ்டேஷன் போர்ட்டர் தேவானந்தம். கையில் அவளுடைய டைப்ரைட்டிங் வகுப்பு அட்டை இருந்தது. அந்தப் பத்து நிமிஷமும் நான் ஒரு பிணத்தின் மேல் கோபமாக இருந்தேன்.

நேற்று காவல் நிலையத்துக்குப் போனேன். முதலில் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிளியம்மாளையும் கூட்டிப்போய்க் கைநாட்டு வைக்கச் சொன்னேன். கேஸ் கட்டு முடிந்துபோனது, மேலே அனுப்பிக் கேட்க வேண்டும், நாளாகும் என்றார் இன்ஸ்பெக்டர். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைக்கச் சொல்லி வாங்கி வந்தேன். அதன் நகல் இத்துடன் இருக்கிறது. பங்குச் சாமியாரிடம் காட்டுங்கள். அவருக்குப் போதாது என்றால் நானே வந்து அவர் முன்னால் நின்று சொல்கிறேன். ஒரு வரி எழுதினால் போதும், புறப்பட்டு வருகிறேன்.

அடுத்த சனிக்கிழமை முப்பதாம் நாள். பூசைக்குச் சொல்லுங்கள். அவள் பெயரை முழுதாக, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் துணைவியாரிடம் இந்தக் கடிதத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். என் பெயர் வரும் இடங்களை விட்டுவிட வேண்டாம்.

சிவப்புப் பெட்டியைத் தச்சரைக் கொண்டு கேட்டில் மாட்டிவிட்டேன். நசுங்கிய பக்கத்தை நிமிர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்டை இப்போதும் ஏழு மணிக்குச் சாத்துகிறேன், பூட்டுவதில்லை. மாடி அறையை இனி யாருக்கும் விடுவதாக இல்லை.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை. ஆனால் பதில் எழுதுங்கள். பெட்டியில் கடிதம் விழுந்தால் சமையலறை வரை சத்தம் கேட்கிறது. யாருடைய கையும் படாமல், ஆறாமல் வந்து சேரும். மழையும் மாடும் எனக்கு வேண்டாம். மூன்றாவது பத்தியை மட்டும், உங்கள் நல்ல கையெழுத்தில், எழுதி அனுப்புங்கள்.

காத்திருக்கும்,
லோகநாயகி