எண்டர் அழுத்துகிறவள்

மார்ச் 4

நோன்பு மாத மந்தம் சுரபாயா அலுவலகத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற எங்கள் இருவருக்கும் பகல் முழுக்க வேலைதான். மலாங்கில் என் வீட்டில் நான், மனாடோவில் அவள் வீட்டில் மெய்ஸ்கெ அக்கா. படகு டிக்கெட் சர்வரில் யாரும் தனியாகக் கை வைக்கக் கூடாது என்பது முதலாளி சுமர்னோ ஐயாவின், எங்கள் பாக் சுமர்னோவின், சட்டம். காதில் போனோடு ஒரே டெர்மினலுக்குள், அதாவது ஒரே கட்டளைத் திரைக்குள், இருவரும் இருப்போம். ஒருவர் கட்டளையைத் தட்டுவார். மற்றவர் தன் வீட்டிலிருந்து அதைப் படித்துப் பார்த்து எண்டர் அழுத்துவார். தட்டினவர் எண்டரைத் தொடவே கூடாது.

இன்று நான் தட்டிய கையோடு அக்காவின் எண்டர் வந்துவிட்டது. அதற்குள் படித்தாயிற்றா என்று கேட்டேன். "உன் வரியில நான் பார்க்க என்னடா இருக்கு?" என்றாள். நாள் முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

மார்ச் 6

கோப்புறையின் பெயரைத் தப்பாகத் தட்டினேன். குருடனுக்கும் தெரிகிற தப்பு. எண்டர் வந்தது. நல்லவேளை, அப்படி ஒரு கோப்புறையே இல்லை என்று சர்வர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. "அடடா, எனக்கும் கண்ல படலையே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அந்த வரியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கண்ணில் படாமல் போகிற தப்பா அது?

மார்ச் 7

செய்தே விட்டேன்.

வரியின் முதலில் # போட்டால் சர்வர் அதைக் கண்டுகொள்ளாது. அது மனிதர்கள் படிப்பதற்கான குறிப்பு. நான் தட்டினது இது: # அக்கா, உங்க நாற்காலிக்குப் பின்னாடி ஒரு குரங்கு நிக்குது.

எண்டர் வந்தது. "ம், அடுத்தது போடு" என்றாள்.

குரங்கு! படிக்கவே இல்லை. எத்தனை நாளாகப் படிக்கவில்லை? நான் கெட்டிக்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே, அதெல்லாம் என்ன?

மார்ச் 8

என் மனைவி எண்டாங் காலையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னேன். "நேரா அவங்ககிட்டயே கேட்டுட வேண்டியதுதானே? இப்படி வீட்டுக்குள்ள நடந்து நடந்து தரையைத் தேய்க்கணுமா?" என்றாள்.

எப்படிக் கேட்பது? இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்ததே அக்காதான். ஆனால் பத்தொன்பதாம் தேதி டிக்கெட் விவரம் மொத்தத்தையும் புது சர்வருக்கு மாற்ற வேண்டும். பெருநாளுக்கு ஊர் போகிற கூட்டம் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒரு வரி தப்பினால் பிள்ளைகுட்டியும் அட்டைப்பெட்டியுமாகத் துறைமுகத்தில் வந்து நிற்பவர்களிடம் உங்கள் பெயரே இல்லை என்பார்கள். படிக்காத ஒருத்தியை நம்பி நான் எப்படித் தட்டுவது?

மார்ச் 10

பாக் சுமர்னோவிடம் சொல்லிவிட்டேன். குரங்கையும் சொன்னேன். "நோன்பும் அதுவுமா இதை ஏன்டா என் காதுல போடுறே" என்றார். பிறகு, "சரி, நான் பார்த்துக்கறேன்."

சரியைத்தான் செய்தேன்.

மார்ச் 11

அக்காவைச் சர்வர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எண்டர் அழுத்தப் பாக் சுமர்னோவே உட்கார்ந்தார்.

மார்ச் 12

அக்கா கூப்பிட்டாள். எடுக்காமல் விடலாமா என்று பார்த்தேன். எடுத்தேன்.

"குரங்கு நல்லா இருக்காடா?"

பாக் சுமர்னோ குரங்கையும் சொல்லியிருக்கிறார்.

"பிப்ரவரியில ஒருநாள் நான் தட்டினேன், நீ எண்டர் அழுத்தின. என்ன தட்டினேன் தெரியுமா? 'டிட்டுஸ், இதை நீ படிக்கிறேன்னா எண்டர் அழுத்தாதே.' முன்னாடி # போட்டுத்தான் தட்டினேன். நீ அழுத்திட்ட. டக்குனு அழுத்திட்ட."

"அக்கா..."

"அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. நம்ம டிட்டுஸ்தானேன்னு விட்டேன். அவனே படிக்கலை, நான் மட்டும் எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கணும்னு நானும் விட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா நீ என்னை ஒரு வார்த்தை கேட்கலையேடா. நேரா மேல போயிட்ட."

வைத்துவிட்டாள்.

பொய் சொல்கிறாள் என்று நினைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. முடியவில்லை. அவள் தட்டும்போதெல்லாம் பக்கத்து ஜன்னலில் நான் பேட்மிண்டன் ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பேன். கர்சர் நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தால் எண்டர். அவ்வளவுதான் என் படிப்பு.

மார்ச் 13

பாக் சுமர்னோவிடம் இதையும் சொல்ல வேண்டும். இன்று சொல்லவில்லை.

மார்ச் 14

இன்றும் இல்லை. இருமுறை எண்ணைத் தட்டி இருமுறையும் துண்டித்தேன். சொன்னால் என் வேலை என்ன ஆகும்? சொல்லாவிட்டால் அவள் வேலை என்ன ஆகும்? இரண்டாவதை ஏன் நான் இரண்டாவதாகக் கேட்டுக்கொள்கிறேன்?

"சொல்லிட்டீங்களா?" என்றாள் எண்டாங். எரிந்து விழுந்தேன். பாவம் அவள்.

மார்ச் 17

சொல்லிவிட்டேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும்.

பாக் சுமர்னோ பல்லைக் கடித்தார். "அப்போ ரெண்டு பேரும் சேர்ந்து கண்ணை மூடிக்கிட்டு என் படகை ஓட்டியிருக்கீங்க."

"ஆமா, பாக்."

"உன்னை என்ன பண்றதுன்னே தெரியலடா." பிறகு ஒரு பெருமூச்சு. "புதன்கிழமை சாயங்காலம் மக்ரிப் தொழுகை நேரத்துல ஊரே நோன்பு திறக்க உட்கார்ந்திருக்கும், எவனும் டிக்கெட் வாங்க மாட்டான். அந்த நேரத்தை விட்டா வழி கிடையாது. உங்க ரெண்டு பேரை விட்டா எனக்கு வேற கிறிஸ்தவனும் கிடையாது. நீ தட்டு, அவ அழுத்தட்டும். ஏதாவது ஆச்சு, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

மார்ச் 19

பாங்கு ஒலித்ததும் டிக்கெட் விற்பனையை நிறுத்தினோம். டெர்மினலுக்குள் அக்கா வந்திருந்தாள். "தட்டு" என்றதோடு சரி.

முதல் வரி தட்டினேன். எண்டர் வரவில்லை. காத்திருந்தேன். இணைப்பு போய்விட்டதா? "அக்கா?" "படிச்சிட்டிருக்கேன்." வந்தது. இரண்டாவது வரிக்கும் அதே காத்திருப்பு. உள்ளுக்குள் கொதித்தேன். ஊர் சாப்பிட்டு எழுந்துவிடப் போகிறதே!

மூன்றாவது வரி, எல்லாவற்றையும் நகலெடுக்கிற வரி. தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எண்டர் வரவில்லை. திடீரென்று கர்சர் தானாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. என் எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிந்தன. அக்கா தன் கையாலேயே தட்டினாள் — பழைய சர்வர் முன்னால், புதியது பின்னால். நான் திருப்பிப் போட்டிருக்கிறேன். காலியாக இருக்கிற புதியதை நிறைந்திருக்கிற பழையதன் மேல் கொட்டச் சொல்லியிருக்கிறேன்! ஒரு பெயர் மிஞ்சியிருக்காது.

"இப்போ தட்டினது நான். அதனால நீதான் அழுத்தணும். படிச்சிட்டு அழுத்து" என்றாள்.

படித்தேன். மறுபடியும் படித்தேன். வேர்வை கண்ணில் இறங்கியது, துடைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. அழுத்தினேன்.

ஏழு மணிக்கு முன்பே விற்பனை திரும்ப ஆரம்பித்தது. எல்லாப் பெயரும் இருக்கிறது. "நன்றிக்கா" என்றேன். அவள் போய்விட்டிருந்தாள்.

மார்ச் 24

துறைமுகத்தில் கூட்டம் தாங்கவில்லையாம். ஒரு புகார் இல்லை என்று பாக் சுமர்னோ எங்கள் இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார்.

பிற்பகல் முழுக்க அக்காவோடு வேலை. முன்பு அரைமணியில் முடிந்த வேலைக்கு இப்போது மூன்று மடங்கு நேரம் ஆகிறது. இருமுறை எண்டர் மறுத்தாள். இரண்டிலும் தப்பு என்னுடையது. அவள் தட்டும்போது நானும் ஜன்னலையெல்லாம் மூடிவிட்டுப் படிக்கிறேன். நடுவில் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"இன்னும் கோபமாக்கா?"

"கோபமெல்லாம் இல்ல. அடுத்த வரி."

அவளை நேரில் பார்த்து அஞ்சு வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்த ஊரில் இருக்கிற யாரையும்விட அவள்தான் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது, சொல்லாமல் வெளியேறினாள். நாளைக்கும் அவளோடுதான் வேலை. இனி என் வரி எதுவும் தப்பாகப் போகாது.