வைத்தியருக்கு எதற்கு இரும்புச் சட்டை

...கம்ப்யூட்டர் பெட்டியை எடைக்குப் போடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை தம்பி, உன் மகள் சொன்னது சரிதான், அது ஒரு மூலையையே அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் தூசியாவது தட்டலாம் என்று கீபோர்டைக் கவிழ்த்தேன். பொலபொலவென்று மல்லாட்டைக் கடலைத் தோல் உதிர்ந்தது. சிவப்பாக, மெல்லிசாக, நேற்றுத்தான் நீ தின்று ஊதிவிட்ட மாதிரி.

"இன்னா அத்தை, அப்படியே நின்னுட்ட?" என்றாள் உன் மகள்.

"ஒண்ணுமில்லம்மா, நீ போய் சாப்பிடு" என்று அனுப்பிவிட்டேன். வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று என்னைக் கேலி செய்வாயே, பேச ஆள் வேண்டாமா? நீ இல்லாவிட்டாலும் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் திண்டிவனத்தில் உன் வீட்டோடு வந்து சேர்ந்தேன். நீ அப்போது விழுப்புரத்தில் போலீஸ் கான்ஸ்டபிள். தினம் காலை ரயிலில் போவாய், இருட்டினால் வருவாய். மகள் படிப்புக்கென்று யாரிடமோ பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தாய். அவள் அதில் படித்தாளோ இல்லையோ, லீவு நாளில் நீ ஒரு கை மல்லாட்டையோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாய். அதில் ஒரு சண்டை விளையாட்டு. ஒரு கோட்டை, ஒரு கிழட்டு ராஜா, எதிரே பச்சைத் தோலும் கோரைப் பல்லுமாகப் பூதங்கள். முதலில் நான் சிலுவை போட்டுக்கொண்டு விலகிப் போனேன். அப்புறம் பூதங்களை அடிக்கத்தானே விளையாடுகிறாய் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஜெபமாலையைக் கையில் வைத்தபடியே உன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன்.

சண்டைக்கு முன்னால் ஒரு பக்கம் வரும். கவசக் கிடங்கு என்பாய். கனமான இரும்புச் சட்டை, வளையம் வளையமாகக் கோத்த சட்டை, தோல் சட்டை, ஒன்றுமே இல்லாத வெறும் துணி. இரும்பு கொஞ்சம்தான் இருக்கும், எல்லாருக்கும் போதாது. எந்தப் படைக்கு எதை மாட்டுவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, படத்தைப் பார்த்துச் சொல்வேன்.

"குதிரைக்காரனுக்கு இரும்பு மாட்டுடா. ஜோரா இருப்பான்."

"மாப்பிள்ளை ஊர்வலமாக்கா போறான்? கனம் ஏறினா குதிரை ஓடுமா?"

"அப்ப வில்லு வச்சிருக்கிறவனுக்கு."

"அவன் கையைத் தூக்கணும். இரும்பு மாட்டினா தூக்கவே முடியாது, அம்பு அவன் காலுலயே விழும்."

கடைசியில் நீயே சொல்லுவாய். ஈட்டியோடு முன்வரிசையில் நிற்பவனுக்கு இரும்பு. குதிரைக்கு வளையச் சட்டை. வில்லுக்காரன் பின்னால் நிற்கிறான், அவனுக்குத் தோல் போதும். "ஆளைப் பாக்காதக்கா. அவன் எங்க நிக்கிறான், இன்னா வேலை செய்றான், அதைப் பாரு. அப்புறம் சட்டையைப் பாரு." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

அந்தச் சனிக்கிழமை உனக்கு லீவு. உன் படையில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். வெள்ளை அங்கி, கையில் கோல், பார்க்க நம் பங்கு ஃபாதர் மாதிரியே. அடிபட்டு விழுகிறவர்களிடம் போய் கையை வைத்தால் காயம் ஆறிவிடும், இவர்தான் வைத்தியர் என்றாய். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. திருவிழாவில் நமக்கு என்ன வழக்கம்? நல்ல பட்டு முதலில் மாதா சொரூபத்துக்கு, அப்புறம் பீடத்துக்கு. மிச்சம் இருந்தால்தான் தேர் தூக்குகிறவர்கள் தோளுக்கு ஒரு துண்டு. அந்தப் பழக்கத்தில், இருக்கிற இரும்பில் நல்லதை வைத்தியருக்கு மாட்டச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றேன்.

"அக்கா, வேணாங்க்கா."

"நல்ல காரியம் செய்றவரை வெறுந்துணியோட அனுப்புவியா? உனக்கே அடுக்குமாடா?"

சிரித்துக்கொண்டே மாட்டினாய். ஈட்டிக்காரர்கள் முன்னால் விழுந்து கிடக்கிறார்கள், வைத்தியர் இரும்பைச் சுமந்துகொண்டு பிள்ளைத்தாச்சி மாதிரி அசைந்து அசைந்து வருகிறார். அவர் வந்து சேர்வதற்குள் ஒருவனும் மிச்சமில்லை. சாவகாசமாக வந்தவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்தியா? உன் சாமியார் மட்டும் பத்திரமா இருக்காரு" என்றாய். "காயம் ஆத்துறவன் ஓடணும்க்கா. அவனுக்கு எதுக்கு இரும்பு?"

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். வைத்தியருக்கு வெறும் துணி. சண்டை பாதியில் இருக்கும்போதுதான் போன் அடித்தது.

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இரண்டு ஊருக்குள் ஏரி மதகைத் திறப்பதில் தகராறு, கல்வீச்சு ஆகிவிட்டது, லீவில் இருப்பவர்களும் ஜல்தி வர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ரீட்டா ஒன்றும் பேசாமல் உன் காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். உன் பெண்டாட்டி அப்படித்தான், பயந்தால் வாயே திறக்க மாட்டாள். நான் அதற்கும் சேர்த்துப் பேசினேன். நீ குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டியிருந்த உத்தரியத்தை எடுத்து வந்தேன். பழுப்புத் துணியில் இரண்டு துண்டு, நடுவில் கயிறு, மார்புக்கு ஒன்று முதுகுக்கு ஒன்று. ஃபாதரிடம் மந்திரித்து வாங்கி வந்து நானே கயிறு மாற்றித் தைத்தது.

"இதுவும் கவசமாக்கா? எந்தப் படைக்கு?"

"வாயை மூடிக்கினு குனி." உன் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் தள்ளிவிட்டேன்.

வாசலில் பூட்ஸ் மாட்டும்போது, "கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணாதக்கா, வந்து முடிக்கிறேன்" என்றாய். திரையில் எல்லாரும் அப்படியே உறைந்து நின்றார்கள். வைத்தியர் ஒரு காலைத் தூக்கினபடி.

எனக்கு என்ன தோன்றிவிட்டது தெரியுமா? அந்தத் திரை அணையாமல் இருக்கிற வரைக்கும் உனக்கு ஒன்றும் ஆகாது என்று. படித்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான். உன் மகளை அந்தப் பக்கமே விடவில்லை. சோறு வடிக்கிற நேரத்தில் கரண்ட் போனது. கம்ப்யூட்டருக்குக் கீழே இருந்த பேட்டரிப் பெட்டி கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. எதை அமுக்கினால் தாங்கும் என்று எனக்கும் தெரியாது, ரீட்டாவுக்கும் தெரியாது. மாதாவே மாதாவே என்று அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் நெருக்கி நெருக்கி வந்து, திரை பட்டென்று கறுத்துப் போனது.

ரீட்டா அப்போதுதான் வாய் திறந்தாள். "அண்ணி, அவர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடட்டுமா?"

போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

எதிர்வீட்டு கண்டக்டர் அண்ணன் டூட்டி முடிந்து வந்தார். அந்தப் பக்கம் பஸ்ஸையே நிறுத்திவிட்டார்களாம். "சரியான பேஜாரும்மா. கல்லு மழை மாதிரி வருதாம். முன்னாடி நிக்கிற போலீஸுக்குத்தான் அடி அதிகம்" என்றார். சொன்ன பிறகுதான் ரீட்டா முகத்தைப் பார்த்தார். "ஆனா எல்லாரும் ஹெல்மெட்டு, கேடயம் எல்லாம் வச்சிக்கினுதான் இருக்காங்களாம்" என்று இழுத்தார்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நீ முன்னால் நின்றால் உனக்கு இரும்பு உண்டு. ஹெல்மெட் உண்டு, கேடயம் உண்டு. உன் பேச்சையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜெபமாலை உருட்டினேன். எத்தனை மணி உருட்டினேன் என்று கணக்குத் தப்பித் தப்பிப் போனது.

அப்போது போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். உன்னோடு வேலை பார்க்கிற பையன் ஒருவன். பின்னால் ஒரே கூச்சல்.

"அண்ணன் வீட்டுக்கு வந்துட்டாராக்கா?"

"இல்லியேப்பா. உன்னோட இல்லியா?"

"இல்லக்கா... அவர் ஹெல்மெட்டு எங்கிட்ட இருக்குது. ஆளைக் காணோம்." லைன் அறுந்துவிட்டது.

ரீட்டாவிடம் என்ன சொல்ல? "நல்லாத்தான் இருக்கானாம்" என்றேன். பொய் சொன்னதற்கு மறுநாளே ஃபாதரிடம் போய் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அது வேறு. அவள் நம்பவில்லை. இரண்டு பேரும் தெருவில் வந்து நின்றோம். வருகிற ஒவ்வொரு வண்டியும் நம் வாசலில் மெதுவாகப் போகிற மாதிரியே இருந்தது. எது நின்றாலும் என்ன சேதி இறங்குமோ என்று, நிற்க வேண்டாம், நிற்க வேண்டாம் என்றே வேண்டினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு கரும்பு லாரி நின்றது. நீ இறங்கினாய். தலையில் எதுவும் இல்லை, புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. காலர் பிய்ந்து தொங்கியது. ரீட்டா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"எங்கடா உன் ஹெல்மெட்டு?"

"கல்லடி பட்டவங்களைத் தூக்கிக்கினு போய் வேன்ல ஏத்தச் சொன்னாங்கக்கா. அதை மாட்டிக்கினு எப்படி ஓடறது? முன்னாடி நின்ன பையனுக்குக் கேடயம் மட்டுந்தான் இருந்துச்சு, அவன்கிட்ட கொடுத்துட்டேன்."

"உனக்கு இன்னாடா இருந்துச்சு?"

"அதான் நீ மாட்டிவிட்டியே" என்று சிரித்தாய். சிரித்தால் காயம் இழுத்தது, முகத்தைச் சுளித்தாய்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னாய். தலையில் அடிபட்டு, நீ தூக்கின நேரத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் உன் காலரை விடவே இல்லையாம். அதனால்தான் நீயும் வேனில் ஏறிப் போய்விட்டாய், உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் உன்னைக் கல்வீச்சு நடந்த இடத்திலேயே தேடியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் பிழைத்துவிட்டார் என்று இரண்டொரு நாள் கழித்து நீயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாய்.

திரை அணைந்துபோனதைப் பயந்து பயந்து உன்னிடம் சொன்னேன். "அதனால இன்னா, கிளம்பறப்பவே சேவ் பண்ணிட்டுத்தானே போனேன்" என்றாய். கரண்ட் வந்ததும் போட்டுக் காட்டினாய். வைத்தியர் தூக்கின காலோடு அங்கேயேதான் நின்றார்.

அதன் பிறகும் பல வருடம் இருந்தாய். கடைசியில் ஒரு கல்லும் இல்லை, கூட்டமும் இல்லை, சாப்பிட்டுக் கை கழுவப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். அதற்கு எந்தக் கிடங்கிலும் சட்டை இல்லை.

இப்போதும் திருவிழா வந்தால் கோயிலில் நான் சண்டை போடுகிறேன் தம்பி. நல்ல துணியை முதலில் தேர் தூக்குகிறவர்கள் தோளுக்குக் கொடுங்கள், எங்கே நிற்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள் என்று. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னால், அன்றைக்கு என் தம்பியைக் காப்பாற்றியது உத்தரியம்தான் என்று எழுந்து நிற்பேன். எல்லாருக்கும் மனப்பாடமே ஆகிவிட்டது.

மல்லாட்டைத் தோலை ஒரு தாளில் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தம்பி, அன்றைக்குக் குழாயடியில் உன்னைக் குனிய வைத்துத் தண்ணீர் ஊற்றினது நினைவுக்கு வந்தது. தலையிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. பிடரியை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். கையில் கயிறே தட்டுப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தவன், மறு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது புது உத்தரியம் ஒன்று வேண்டும் என்று கேட்டாய். பழசு எங்கேடா என்றதற்கு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "அது டூட்டில இருக்குதுக்கா."