கருப்புக் கவரும் சிவப்புக் கயிறும்

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் தூறல். வானம் பூராவும் கழுவாத வடைச்சட்டி நிறம். முழங்கால் வலி இல்லை. தூக்கம், கும்பகர்ணன் பார்த்தால் பொறாமையில் விழித்துக்கொள்ளும் தரம். சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டர் சிரித்தார். அவர் சிரித்தால் மாவட்டத்தில் மழை பெய்யும் என்பார்கள். பெய்துவிட்டது.

எல்லாம் புதையல் வேட்டையின் மகிமை. வருங்காலத்தில் என் வரலாற்றைக் கல்லில் வெட்டப்போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயோ ஒளித்து, இடத்தைச் செல்போன் வரைபடத்தில் குறித்துவைப்பார். நாம் தேடிப் போய் எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும். ஒரு சாமானை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும். பிறகு டப்பாவை அங்கேயே ஒளித்துவிட்டு வர வேண்டும். பரிசு, மாலை, மேளம் எதுவும் கிடையாது. அக்கா மகள் கவிதா ஓசூரிலிருந்து வந்தபோது போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஜியோகேச்சிங் என்று பெயர். டீக்கடைக்காரர் காதில் கடைசிப் பாதி மட்டும் விழுந்திருக்கிறது.

"இன்னைக்கு எவ்ளோ கேஷ் கெடச்சுதுங்க?"

"ஒரு பிளாஸ்டிக் தவளைங்க."

டீயில் சர்க்கரை கூடப் போட்டார். இரக்கம்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதிய காலத்தில் தக்காளி விலையோடு என் ரத்த அழுத்தமும் ஏறும். விலை இறங்கினால் அது மட்டும் இறங்காது. ஓய்வு பெற்ற பிறகு ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்தேன். மூன்று இறக்கைக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்தாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு புளியமரமும் எனக்குச் சந்தேகக் கேஸ். மைல்கல்லுக்குப் பின்னால் குனிகிறேன். குனிந்தால் எறும்பு தெரிகிறது, இத்தனூண்டு ஊதாப்பூ தெரிகிறது. கவலையை அந்த நேரம் பார்த்து யாரோ ஒளித்து வைத்துவிடுகிறார்கள். அதை மட்டும் நான் தேடுவதில்லை.

பின்கட்டில் மைத்துனன் முருகேசன். லாரி ஓட்டியவன். தை மாதம் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டியைக் கரையில் மோதிக் கவிழ்த்தான். ரோடெல்லாம் சிவப்பு, அத்தனையும் தக்காளி. மனிதருக்கு ஒரு கீறல்தான். ஆனால் அன்று முதல் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு டி.வி. பார்க்கிறான். அடுத்த மாதம் ஊரில் அவன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்காவது போவானா என்று அவன் அக்காவும் என் சம்சாரமுமான சரோஜாவுக்குப் பயம்.

"அவன் ஒரு தடவ கேட்டத் தாண்டட்டும்ங்க. அப்பறம் எந்த டப்பாவ வேணாலும் தேடிக்கோங்க."

எனக்குள் ஒரு மாபெரும் திட்டம். சாணக்கியர் கேட்டிருந்தால் குடுமியை அவிழ்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

நவம்பர் 10, திங்கள்

மூட்டம். மழை இல்லை. திட்டம் நிறைவேறியது.

ஊருக்கு வெளியே இருக்கும் சின்னக் குன்று, கரடு என்போம், அங்கே ஒரு பாறை இடுக்கில் ஒளித்தேன். சரோஜாவின் பழைய டிபன் டப்பா (அவளுக்குத் தெரியாது). உள்ளே: கண்ணாடி வளையல், சாவிக்கொத்து, ரப்பர் பல்லி, தாள். தாளில், என்ன தன்னம்பிக்கை, 'முதலில் கண்டவர்: முருகேசன்' என்று நானே எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி. கையில் கிடைத்தது சிவப்புப் பேனா. தண்ணீர் இறங்காமல் இருக்கக் கருப்புக் கவர். அவிழாமல் இருக்கக் கோயிலில் கொடுத்த சிவப்புக் கயிறு. பெரிய பெரிய விஞ்ஞானிகள் கூட இப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள்.

இடத்தை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'கண்டுபிடி பார்க்கலாம்.' இரண்டு நீலக்கோடு விழுந்தது. பின்கட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

"பாத்தேங்க மாமா."

"போலாமா மாப்ள?"

"நீங்க போயிட்டு வாங்க."

இரவு களியும் கீரையும். அவன் பாதி வைத்துவிட்டான்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். சந்தை. தேங்காய் வாங்கப் போனேன். வாங்கவில்லை.

தேங்காய்க் குவியலுக்கு அந்தப்பக்கம் பேச்சு:

"கரட்டுல செய்வினைங்க! ஆடு மேய்க்கிற லச்சுமியம்மா பாத்துருக்குது. கருப்புக் கவரு, செவப்புக் கயிறு."

"உள்ள?"

"பல்லி! வளவி! செவப்பு மையில பேரு."

"யாரு பேருங்க?"

"லாரி முருகேசன் பேருதான்."

"அடக் கருமமே. அதான் அந்தாளு வூட்ட வுட்டு வெளிய வரமாட்டேங்குறாப்ல!"

"வெச்சவன் கை வெளங்குமா?"

வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வெளங்குகிறதா என்று உள்ளேயே விரலை அசைத்துப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன.

நாளைக் காலை பென்னாகரம் பக்கத்திலிருந்து பூசாரி வந்து எடுக்கிறாராம். வைத்தவனையும் காட்டிக் கொடுப்பாராம். வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. பிறகு அந்த டிபன் டப்பா எது என்று கேட்டாள். பிறகு தெரிந்துவிட்டது, இரண்டும் இல்லை.

நவம்பர் 12, புதன்

கையெழுத்து கோணுகிறது. மன்னிக்கவும், கல்வெட்டாளர்களே.

கரட்டில் ஊரே கூடிவிட்டது. டப்பாவைச் சுற்றி வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சம்பழம். ஓடிப்போவதுதான் புத்தி. ஆனால் ஓடினால் நான்தான் என்று ஆகிவிடும், ஆகவே முன்வரிசை. பூசாரி உடுக்கை அடித்தார்.

"வெச்சவன் இங்கயே நிக்கறான்!"

உயிர் பாறைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"நெட்டையான ஆளு! முறுக்கு மீச!"

உயிர் திரும்பி வந்தது. நான் குட்டை, மீசைக்கும் எனக்கும் பகை. எல்லாரும் என் பக்கத்தில் நின்ற மின்வாரியக்காரரைப் பார்த்தார்கள். பாவம், மனிதர் மீசையை மூடிக்கொண்டார். அப்போதுதான் லட்சுமியம்மா என்னைக் காட்டி வாயைத் திறந்தது.

"ஏனுங்க, முந்தாநேத்து இவருதான இங்க குனிஞ்சு குனிஞ்சு என்னமோ பண்ணீட்டு இருந்தாரு?"

ஆடுகூட அசைபோடுவதை நிறுத்தியது. சத்தியமாக.

"மச்சானுக்கே வெப்பாங்களாய்யா?" என்று ஒரு குரல். இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"வழி வுடுங்க."

பின்னாலிருந்து அந்தக் குரல். முருகேசன்.

லுங்கி. தாடி. இடது காலில் அவன் செருப்பு, வலது காலில் சரோஜா செருப்பு. முகம் முழுக்க வேர்வை. கையில் போன், வரைபடம் திறந்தபடி. கூட்டம் விலகியது. யாரையும் பார்க்கவில்லை. போனைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான், உட்கார்ந்தான். டப்பாவைத் தொட்டதும் ஊர் பின்னால் நகர்ந்தது. கயிற்றை அவிழ்த்தான். என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். பல்லியை எடுத்து லுங்கி மடிப்பில் செருகினான். பூசாரியின் எலுமிச்சம்பழத்தை எடுத்து டப்பாவுக்குள் வைத்தான்.

"ஒண்ண எடுத்தா ஒண்ணு வெக்கோணும்னு சொன்னீங்கல்ல மாமா?"

பூசாரி கெட்டிக்காரர். "கட்டு அவுந்துருச்சு!" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். லட்சுமியம்மா அவன் கன்னத்தைத் தடவி அழுதது. பிறகு என் கையையும் பிடித்துக்கொண்டது.

"செய்வினைய மோப்பம் புடிக்கத்தான் அன்னைக்குக் குனிஞ்சீங்களா சாமி? தெரியாம சொல்லிட்டனுங்க."

நான் ஒரு முனிவரைப் போலக் கண்ணை மூடித் திறந்தேன்.

இறங்கும்போது முருகேசன் காதோரம், "உண்மையச் சொல்லிறலாமுங்களா?"

"எதுக்கு மாப்ள? ஊரு சந்தோசமா இருக்குது."

"உங்களை அடிச்சுப் போட்ருவாங்கன்னு அக்கா ஓடி வந்து அழுதுச்சு. அதான் வந்தேன். இல்லாட்டி வந்திருக்கமாட்டேன்."

எனக்காக. நான் அவனை வெளியே இழுக்க ஏதேதோ செய்தேன்.

ரோட்டுக்கு வந்ததும் ஒரு லாரி ஹாரன் அடித்தது. என் தோளை இறுக்கிப் பிடித்துவிட்டான். விரல் பதிந்த இடம் இப்போதும் வலிக்கிறது. தைலம் போடவில்லை. இருக்கட்டும்.

டிபன் டப்பாவைச் சரோஜா கேட்கவே இல்லை. மாவட்டச் சரித்திரத்தில் முதல்முறை.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல வெயில். எழுதவே நேரமில்லை, சுருக்கமாக.

காலையில் பின்கட்டு காலி. டி.வி. ஓடுகிறது, சத்தத்தோடு. ஆள் இல்லை. சரோஜா தெருவெல்லாம் தேடினாள். நான் தைரியமாக இருப்பதுபோல் நின்றேன். அந்தக் கலையில் எனக்கு முனைவர் பட்டமே தரலாம்.

பத்து மணிவாக்கில் என் போனில் டிங்.

வரைபடம். தொப்பூர். லாரி கவிழ்ந்த அந்த வளைவு. அதற்கு எதிரில் இருக்கும் டீக்கடைப் பக்கம் ஒரு புள்ளி. கூடவே குரல் பதிவு, பின்னால் லாரிகளின் இரைச்சல்:

"மாமா, பஸ்ஸுலதான் வந்தேன். வளைவு வர்றப்ப கண்ண மூடிட்டேன், அத அக்காகிட்டச் சொல்லீறாதீங்க. ஒரு டப்பா வெச்சுருக்கறேன். குறிப்பு: பல்லி எங்க தூங்குமோ அங்க. கண்டுபிடிங்க பாக்கலாம்."

சரோஜா பக்கத்திலேயே நின்று கேட்டாள். திரும்பப் போடச் சொன்னாள். இன்னொரு தடவை. பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றினாள்.

"நானும் வர்றேங்க. உங்களுக்குத் தேடவே தெரியாது. வூட்டுல இருக்கற கண்ணாடியையே நாந்தான எடுத்துத் தர்றேன்."

பல்லி எங்கே தூங்கும்? டியூப்லைட்டுக்குப் பின்னால்? காலண்டருக்குப் பின்னால்? டீக்கடையில் காலண்டர் இருக்குமா?

பையில் தண்ணீர், டப்பாவில் போட ஒரு பிளாஸ்டிக் தவளை, பேனா. நீல மை. இரண்டு முறை கிறுக்கிப் பார்த்தாயிற்று.

தர்மபுரி பஸ் வந்துவிட்டதாம், சரோஜா ரோட்டில் நின்று கத்துகிறாள். மீதி வந்து.