செவலையின் இடப்பக்க விலா

மதினி,

இன்று காலை நம் பண்ணை வாசலில் வந்து நின்ற வேனின் பின்கதவு திறந்ததும், வெல்லமும் நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசனை வரப்பு வரை பரவியது. பிறருக்கு அது திருநாளின் மணம். எனக்கோ அதனோடு உங்கள் முகமும், கொட்டிலில் தரையோடு சாய்ந்து கிடந்த செவலைப் பசுவும் நினைவில் எழுந்தன. இன்று மாட்டுப் பொங்கல். நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன்.

பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவர் நீங்கள். அண்ணனும் நீங்களுமாகச் சோழவந்தான் சாலையை ஒட்டி இந்நிலத்தை வாங்கி, கிணறு வெட்டி, தென்னை வைத்து நிமிர்ந்தபோது, இதைக் காண மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள் என்று உங்களைத் தவிர எவரும் எண்ணவில்லை. ஒரு ஞாயிறன்று விளாங்குடியிலுள்ள என் தையற்கடைக்கு வந்திருந்தீர்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் மொட்டைமாடியில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியடித்துச் சண்டையிடுவதை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னீர்கள்: "நம்ம பம்புசெட்டுத் தொட்டியில எறக்கிவிட்டா இதுக பொழுதடையிற வரைக்கும் ஏறாதுக. வரச் சொல்லுவமா?"

வந்தார்கள். கட்டுச்சோற்று மூட்டைகளோடு காலையில் இறங்கி, வரப்பில் வழுக்கி விழுந்து, ஆட்டுக்குட்டிகளைத் துரத்தி, மாட்டுவண்டியில் தோப்பைச் சுற்றி, தொட்டியில் ஊறி, மாலையில் தலை துவட்டாமலே வேனில் ஏறினார்கள். தெப்பக்குளக் கரையில் பொரி தின்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு அறியாத பிள்ளைகள், கத்தரிச் செடியில் காய் தொங்குவதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஞாயிறுதோறும் கடையை மூடிவிட்டு நான் இங்கே வந்தேன். எட்டாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கதவு மூடப்பட்டது. மீதித் தமிழை நானே படித்துத் தேர்ந்தேன். அந்தத் தகுதியில் வருவோரை வரவேற்கும் பொறுப்பை ஏற்றேன். நீங்கள் எனக்குப் 'புலவரம்மா' என்று பெயரிட்டீர்கள். அதில் கேலி இருந்தது. ஆயினும் ஊரார் முன்னிலையில் அப்பெயரைச் சொல்லும்போது உங்கள் குரலில் பெருமையும் இருந்தது.

முதல் மாட்டுப் பொங்கலுக்கு வந்த குடும்பங்கள் அனைத்தும் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்திருந்தன. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே இலை விரித்துச் செவலைக்கு ஊட்டியது. முன்னால் ஊட்டியவர் எவ்வளவு ஊட்டினார் என்று எவரும் கேட்கவில்லை. பசுவுக்கு ஊட்டுவதில் அளவு பார்க்கும் வழக்கம் நம்மவரிடம் இல்லை. செவலையும் மறுக்கவில்லை.

பிற்பகலில் அவள் அசைபோடுவதை நிறுத்தினாள். இடப்பக்க விலா பறையைப் போல் விம்மியது. நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்தீர்கள்.

"இங்கன ஒரு குழி இருக்கணும். இப்ப இருக்கா?"

"இல்லை, மதினி."

"அம்புட்டும் வயித்துக்குள்ள பொங்கிக் கெடக்கு. டாக்டருக்குப் போனப் போடு."

கால்நடை மருத்துவர் வந்து வாய்வழியே குழாய் செலுத்திக் காற்றை இறக்கினார். செவலை பிழைத்தாள், வயிற்றில் இருந்த கன்று தங்கவில்லை. அண்ணன் தென்னையில் சாய்ந்து அழுதார். நீங்கள் கொட்டிலைக் கழுவிவிட்டு வந்து, "இனிமே வெளிச்சோறு இந்த வாசலத் தாண்டாது" என்றீர்கள்.

அந்த முடிவைத்தான் நான் பலகையில் எழுதினேன்: 'கால்நடைகளுக்குப் புறவுணவு அளித்தல் அறவே விலக்கப்பட்டுள்ளது.' நீங்கள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "நல்லாத்தேன் இருக்கு. இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள மாடு தின்னு முடிச்சிரும்" என்றீர்கள். அடுத்த ஆண்டு ஒருவர், பசுவுக்குக் கொடுப்பது புண்ணியம், அதைத் தடுக்கலாமா என்று வாதிட்டபோது, உங்களுக்குப் பலகை தேவைப்படவில்லை. "புண்ணியம் ஒங்களுக்கு, வயித்துவலி அதுக்கா?" என்று கேட்டீர்கள். அவருடைய பொங்கலில் ஒரு நுனிவிரல் அளவு எடுத்து மாட்டின் உதட்டில் தடவிவிட்டு, மீதியைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தீர்கள். ஊட்ட விரும்பியவர்களிடம் நம் சோளத்தட்டையில் ஆளுக்கொரு பிடி கொடுத்தீர்கள். அதுவே பண்ணையின் வழக்கமாயிற்று.

செவலை அதன்பின் நெடுங்காலம் சினை பிடிக்கவில்லை. சென்ற சித்திரையில் பிடித்தாள். ஐப்பசி மழையில் காய்ச்சலோடு படுத்த நீங்கள், எழப் போவதில்லை என்று அறிந்தவர்போல என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "மாட்டப் பாத்துக்க. ஒங்கண்ணன் எளகிப்போவாரு."

இளகித்தான் போனார், மதினி. இன்று பசுமலையிலிருந்து வந்த அந்தப் பெருங்குடும்பத்தில், நரைத்த கொண்டையிட்ட அம்மையார் ஒருவர் பொங்கல் அண்டாவைத் தம் மகனிடம் கொடுத்து முன்னே நடந்தார். நான் வழிமறித்தேன். "அம்மையீர், இப்பண்ணையில் கால்நடைகளுக்குப் புறவுணவு விலக்கப்பட்டுள்ளது. பலகையைக் காண்க."

"விடியமுன்ன எந்திரிச்சு ஆக்குனதும்மா. மாட்டுப் பொங்கலன்னைக்கு மாட்டுக்கே இல்லைன்னா எப்புடி?"

"அக்கா, நாங்க சுத்திப் பாக்க வந்தமா, பரீட்சை எழுத வந்தமா?" என்றார் மகன். வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் என் காதருகே வந்தார். "விடு தாயி. ஒம்மதினி போனதுலருந்து வாரவுகளே கொறஞ்சிட்டாக. இவுகளும் கோவிச்சுக்கிட்டுப் போனா, எடத்த மூடிட்டு ஒக்காரவேண்டியதுதேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. வாசல் மூடப்படலாம் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. எனக்குப் பின்னால், கொட்டிலில், நிறைசினையாய்ச் செவலை கழுத்தை நீட்டி மணம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கொட்டில் படலைச் சாத்தி அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றேன். செம்மையாக ஒரு வாக்கியம் அமைத்துச் சொல்லவே வாய் திறந்தேன். வந்தது வேறு.

"புண்ணியம் ஒங்களுக்கு, வயித்துவலி அதுக்கா?"

அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார், நீங்கள் பேசியதாக நினைத்தவர்போல. அந்த அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செவலையைப் பார்த்தார்.

"செனையா?"

"ஆமா. மாசிக்குள்ள போட்டுரும். போன தடவ இந்தப் பொங்கலாலதேன் கன்னு போச்சு."

அவர் மகனிடம் திரும்பி, "அண்டாவ எறக்குடா. மூடி வையி" என்றார்.

உங்கள் வழக்கப்படியே ஒரு நுனிவிரல் அளவு பொங்கல் எடுத்துச் செவலையின் உதட்டில் தடவினேன். அண்ணன் சோளத்தட்டைக் கட்டைக் கொண்டுவந்து போட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி நீட்டினார்கள். பரீட்சை பற்றிக் கேட்ட மகன்தான் பம்புசெட்டுத் தொட்டியிலிருந்து கடைசியாக ஏறினார். அவருடைய தாயார் கரையில் நின்று அதட்ட வேண்டியிருந்தது. தென்னை நிழலில் எனக்கும் ஓர் இலை போட்டார்கள். நெய் கூடுதல், நீங்கள் சொல்லிக் காட்டியிருப்பீர்கள்.

பலகையை நான் மாற்றப்போவதில்லை. அந்தத் தொடரில் பிழை இல்லை. ஆயினும் அதனருகே நின்று பேச ஓர் ஆள் வேண்டும். ஆள் வரத்து குறைந்தாலும் கூடினாலும், ஞாயிறுதோறும் அங்கே நான் நிற்பேன். இதை அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

மாலையில் வேன் சாலையேறிய பிறகு கொட்டிலுக்குச் சென்றேன். நீங்கள் வைத்த இடத்திலேயே கையை வைத்தேன். செவலை அசைபோட்டுக்கொண்டிருந்தாள். கைக்குக் கீழே குழி இருந்தது, மதினி.