மிச்சமிருந்த ஐந்து மைல்

இன்று காலையிலிருந்து எங்கள் குசினியில் திருக்கை மீன் சரக்குக் கறியாகக் கொதிக்கிறது. மருமகள் பிள்ளை பெற்று ஏழாம் நாள். பால் சுரக்கவேண்டும் என்று மிளகும் மல்லியும் உள்ளியும் கூட்டி அரைத்து என் மனைவி காய்ச்சுகிறாள். வாசம் வீடு முழுக்கப் பரவியதும் நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

"பேரப்பிள்ளையைப் பாக்க வந்த சனமெல்லாம் உள்ளுக்கு நிக்குது. இந்த மனிசன் மட்டும் துலாவுக்குக் காவல் இருக்குது" என்று அவள் யாருக்கோ சொல்லிச் சிரித்தது கேட்டது.

இருபத்தைந்து வருஷமாக நான் திருக்கை சாப்பிடுவதில்லை. ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நான் பயந்து ஒதுக்குகிற பொருள்கள் பல; அவற்றில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள். சிநேகிதரே, நீர் உயிரோடு இருந்திருந்தால் காரணத்தில் பாதியை நீரே சொல்லியிருப்பீர். மற்றப் பாதி உமக்கும் தெரியாது. நீர் போய் மூன்று வருஷம் கழித்து அதை எழுதத் தொடங்குகிறேன். நேரே சொல்லத் துணிவில்லாதவன், நீர் படிக்கமுடியாத காலம் பார்த்து எழுதுகிறான்.

மண்கும்பானில் உம்முடைய வளவுக்கும் என்னுடைய வளவுக்கும் நடுவே இருந்தது தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி. நீர் புகையிலைத் தோட்டம் செய்தீர். நான் பள்ளிக்கூடச் சட்டம்பியார். உம்முடைய மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரு கிழமைகூடத் தங்கவில்லை. இரண்டாவது தரம் அவளும் சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவள். மூன்றாவது பிள்ளை வயிற்றில் ஐந்து மாதமானபோது நீர் நேர்த்தி வைத்தீர். ஆனித் திருவிழாவுக்கு மண்கும்பானிலிருந்து நயினாதீவு அம்மன் வாசல்வரை செருப்பில்லாமல் நடப்பது. வழியில் வண்டில் ஏறுவதில்லை. பாலம் இருந்தாலும், நடந்து கடக்கக்கூடிய கடலைத் தண்ணீரில் இறங்கி நடந்தே கடப்பது. ஆழக் கடலுக்கு மட்டும் தோணி. தாயும் பிள்ளையும் இரண்டு பேரும் பிழைக்கவேண்டும். நீர் கேட்டது அவ்வளவுதான்.

துணைக்கு வரும்படி வேலிக்கு மேலால் கேட்டீர். நான் இரண்டு நாள் ஆயத்தப்பட்டேன். வழியை மைல் மைலாக ஒரு கொப்பியில் எழுதினேன். எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்த மடத்தில் நிழல் என்று விசாரித்துக் குறித்தேன். குடை, துவாய், ஓமத் தண்ணீர்ப் போத்தல், பழந்துணி எல்லாம் ஒரு பையில் அடுக்கினேன்.

"என்ன சட்டம்பியார், கதிர்காமத்துக்கோ போறம்?" என்றீர்.

"வழியிலை என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"நடக்கிறது நான். நீர் பயப்படுறதுக்குத்தான் வாறீர். அதையாவது ஒழுங்காச் செய்யும்."

தங்கச்சி படலையடியில் நின்றாள். முந்தானையை வயிற்றின் மேல் இழுத்து மூடிக்கொண்டு, "அண்ணை, இவர் ஓடுவார். நீங்கள் மெல்ல நடந்து இவரைப் பிடிச்சு வையுங்கோ" என்றாள். விடியப்புறத்து மங்கலில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் எறிய எறிய வேலணையைக் கடந்தோம். காலைப் பத்துமணி அளவில், புங்குடுதீவுக்கு இறங்கும் கடற்கரைக்கு வந்துவிட்டோம். தண்ணீர் வற்றிக் கிடந்தது. முழங்காலளவு, நடுவில் இடுப்பளவு. இறங்குமுன் நீர் எனக்கு ஒரு பாடம் நடத்தினீர். திருக்கை மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும். காலைத் தூக்கி வைத்தால் அதன் முதுகில் மிதித்துவிடுவோம். வால் முள்ளால் அடித்துவிடும். காலைத் தரையோடு தேய்த்துப் போனால் அது அரவம் உணர்ந்து விலகிவிடும் என்றீர்.

"தூக்காதையும். உழுறமாதிரி இழுத்து நடவும்" என்று மூன்று தரம் சொன்னீர். நான் அதைக் கொப்பியில் எழுதப்போவதாக நினைத்துச் சிரித்தீர்.

நீர் சொன்னபடியே செய்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, உமக்குப் பின்னால் பத்து முழம் தள்ளி வந்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் ஏதோ ஒன்று என் காலைச் சுற்றிப் பிடித்தது. "ஐயோ" என்று கத்திவிட்டேன். நீர் திரும்பினீர். நடக்கவில்லை, பாய்ந்து வந்தீர். எனக்கு மூன்று தரம் சொன்ன பாடத்தை நீரே மறந்து, காலைத் தூக்கி எட்டி எட்டி வைத்து வந்தீர். ஐந்தாவது எட்டோ ஆறாவதோ, நின்றுவிட்டீர். உம்முடைய முகம் ஒரு கணத்தில் சாம்பல் நிறமானது.

"சட்டம்பியார், உம்மை ஒண்டும் கடிக்கேல்லையே?" என்றுதான் முதலில் கேட்டீர்.

குனிந்து பார்த்தேன். என் காலைச் சுற்றியிருந்தது சாதாளை. கடற்பாசி.

"இல்லை" என்றேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்தீர்.

உம்மை எப்படிக் கரை சேர்த்தேன் என்று இன்றும் ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. குடை காற்றோடு போய்விட்டது. புங்குடுதீவுக் கரையில் ஒரு கொட்டிலில் வலை பொத்திக்கொண்டிருந்த கடற்றொழில்காரர் ஒருவர் ஓடிவந்து மற்றப் பக்கம் பிடித்தார். அவருடைய மனைவி கேட்டுக்கொண்டு நில்லாமல் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பொறுக்கக்கூடிய சூட்டில் காலை அதற்குள் வைத்து, ஆற ஆறச் சுடுதண்ணீர் வார்த்தார்கள். சூட்டுக்குத்தான் அந்த விஷம் அடங்கும் என்றார்கள். குதிக்கால் பக்கத்தில் ஏறியிருந்த முள்ளை அவர் இழுத்தபோது நீர் என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் வளைந்துவிட்டது. முள்ளின் நுனி முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது.

"இந்தக் காலோடை ஒரு மாசத்துக்கு நடக்க ஏலாது, தம்பி. ஊண்டினால் நுனி இன்னும் உள்ளுக்குப் போகும்" என்றார் அவர்.

நீர் கேட்கவில்லை. ஒரு தடியை வாங்கி ஊன்றி எழும்பினீர். பதினேழு அடி நடந்தீர். எண்ணுவது என் வழக்கம்; அன்றும் எண்ணினேன். பதினெட்டாவது அடியில் விழுந்தீர். மணலில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தீர். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்.

"மிச்சத்தை நீர் நடவும்."

"நானோ? நேர்த்தி உம்முடையதெல்லோ."

"என்ரை நடையை உமக்குத் தாறன். கையை நீட்டும்."

அந்த மனிதரின் மனைவியும் ஆமோதித்தாள். "அப்பிடிக் குடுக்கலாம். எங்கடை ஆக்களும் குடுக்கிறவை. வாங்கினவர் குறைவிடாமல் முடிக்கவேணும், அவ்வளவுதான்" என்று செம்பைக் கொடுத்தாள். நீர் என் உள்ளங்கையில் தண்ணீர் வார்த்தீர். தங்கச்சியின் பெயரைச் சொன்னீர். பிள்ளைக்குப் பெயர் இல்லாதபடியால் பிள்ளை என்று மட்டும் சொன்னீர். உம்முடைய மடியிலிருந்த கற்பூரத்தை எடுத்து என்னிடம் தந்தீர்.

"செருப்பை இஞ்சை வைச்சிட்டுப் போம். களவெடுத்துக்கொண்டு ஓடவும் என்னாலை ஏலாது" என்றீர். அந்த நிலையிலும் உமக்குப் பகிடி வந்தது.

மிச்சம் ஐந்து மைல். என் கொப்பியில் அப்படித்தான் இருந்தது. மத்தியான வெயில். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் செருப்போடு போய்வந்த கால்கள் என்னுடையவை. முதல் மைலில் கல்லும் நெருஞ்சி முள்ளும். இரண்டாவதில் மணல் சட்டிபோலக் காய்ந்தது. மூன்றாவது மைல் முடிகையில் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து மணல் அப்பிக்கொண்டது. ஒரு பனையடியில் குந்திவிட்டேன். அப்போது பனையோலை ஏற்றிய வண்டில் ஒன்று பின்னால் வந்து நின்றது.

"வாத்தியாரே, கோயிலுக்கோ? ஏறுங்கோ" என்றான் வண்டில்காரன்.

"நேர்த்தி. நடக்கவேணும்."

அவன் என் காலைப் பார்த்தான். "அம்மாளுக்கு இண்டைக்கு ஆயிரம் சனம். உங்களையே பாத்துக்கொண்டு நிக்கப்போறாவோ? ஏறுங்கோ, ஏறுங்கோ" என்று ஓலையைத் தள்ளி இடம் விட்டான்.

ஏறிவிட்டேன்.

ஏன் என்று இந்த இருபத்தைந்து வருஷமும் யோசித்திருக்கிறேன். கடைசித் தோணி போய்விடும், உமக்குக் காய்ச்சல் ஏறும், நான் பொழுதுபட முன்னம் உம்மிடம் திரும்பவேண்டும் என்றெல்லாம் காரணம் இருந்தது. எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் அவை ஏறுவதற்கு முதல் வந்தனவா, ஓலையின் மேல் இருந்து கால் ஆறிய பிறகு வந்தனவா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஒரு மைலுக்குச் சற்றுக் கூடப் போனேன். கரையில் நின்ற சனம் காணாதபடி, திருப்பத்துக்கு இப்பால் இறங்கி மிச்சத்தை நொண்டி நொண்டி நடந்தேன். தோணியில் கடந்து, அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்தி, இரண்டு பேரையும் சொல்லி மன்றாடினேன். தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது நீர் பாயில் காய்ச்சலோடு கிடந்தீர். என் செருப்பு உம்முடைய தலைமாட்டில் சோடியாக இருந்தது. நான் வாய் திறக்கமுன் நீர் என் கால்களைக் கண்டுவிட்டீர். தவழ்ந்து வந்து, இரத்தமும் மணலுமாக இருந்த அந்தப் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்.

"இனிப் பயமில்லை" என்றீர்.

அந்த இடத்தில் என்னால் என்ன சொல்லமுடியும்? கொப்புளங்கள் பொய் இல்லை. அதனால்தான் அந்தப் பொய் நின்று பிடித்தது.

புரட்டாதியில் பெண்பிள்ளை பிறந்தது. நல்ல சுகம். ஐந்தாம் நாள் தங்கச்சிக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். சுடலையிலிருந்து வரும்போது நீர் என் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தீர். கால் இன்னும் ஆறியிருக்கவில்லை. எங்கள் வீடுகளுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் நின்று மெல்லச் சொன்னீர்.

"பாதி நடந்தனான். பாதி கிடைச்சது."

"அப்பிடியெல்லாம் இல்லை. வருத்தம் வாறதுக்கும் நடைக்கும் என்ன?" என்றேன்.

"நீர் நடந்தது உம்முடைய நல்ல மனம். நடக்கவேண்டிய கால் நடக்கேல்லை. இந்தக் கால்தான் அவளை விட்டது."

நோய்க்குக் காரணம் நோய்தான் என்று நான் படித்தவன்; இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கை எனக்கு உண்மையிலேயே இருந்திருந்தால் வண்டில் ஏறிய கதையைக் கூசாமல் சொல்லியிருக்கலாமே. சொன்னால் நீர் என்னைச் சபித்திருப்பீர். உம்முடைய காலைப் பழி சொல்லாமல் விட்டிருப்பீர். உம்முடைய சிநேகிதத்தை இழக்க நான் பயந்தேன். அதற்காக உம்மை உம்முடைய காலோடு தனியே விட்டேன்.

அந்தக் கால் கடைசிவரை சரியாகவில்லை. நீர் வேறு கலியாணம் செய்யவுமில்லை. ஆனியில் நேர்த்திக்காரர் ஒழுங்கையால் போகும்போது காலை வேட்டிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு இருப்பீர். ஒருநாள் தோட்டத்தில், ஒருவரும் இல்லை என்று நினைத்து, மண்வெட்டிப் பிடியால் அந்தக் காலை அடித்தீர். ஒரு அடி அல்ல. வேலியின் கிடுகு இடைவெளியால் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

சண்டை முடிந்த வருஷம் நெஞ்சு வருத்தத்தில் படுத்தீர். நான் தினமும் வந்து கட்டிலடியில் இருந்தேன். ஒரு பின்னேரம் திடீரென்று கேட்டீர்.

"அண்டைக்கு மணல் நல்லாச் சுட்டதோ?"

"ஓம். சுட்டது."

"நிண்டு நிண்டோ நடந்தனீர், ஒரே மூச்சோ?"

"நிண்டு நிண்டுதான்" என்றேன்.

நீர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினீர். அந்த வழியை என்னோடு நடந்து பார்க்கிறீர் என்று தெரிந்தது. சொல்லவேண்டிய இடம் அதுதான். உம்முடைய மகள் மல்லித் தண்ணீரோடு உள்ளே வந்தாள். நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் நீர் இல்லை.

போன மாதம் உம்முடைய மகளிடம் சொன்னேன். அவள் புகையிலையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பனையடி, வண்டில், திருப்பம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் அழுவாள், இல்லாவிட்டால் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் நான் ஆயத்தமாகப் போயிருந்தேன்.

"மாமா, வண்டில் ஏறினதாலை அம்மா செத்தவ எண்டு நான் நினைக்கேல்லை" என்றாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் ஒரு இலையை விரித்துத் தட்டி வைத்தாள். "ஆனால் அப்பு உயிரோடை இருக்கேக்கை சொல்லியிருக்கலாம். அவருக்குக் கோவிக்க ஒரு ஆள் கிடைச்சிருக்கும்."

தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. நீர் என்னை வெறுப்பீரோ என்று மட்டும்தான் யோசித்தேன். வெறுக்க ஒரு மனிதர் இல்லாமல் நீர் பட்ட பாட்டை யோசிக்கவில்லை. என் மேல் வந்திருக்கவேண்டிய கோபத்தை இருபத்திரண்டு வருஷம் உம்முடைய காலிலேயே காட்டினீர். என்னைக் கண்டபோதெல்லாம் நகர்ந்து இருக்க இடம் விட்டீர், வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தீர். ஒருநாளாவது என்னோடு முகம் சுளித்ததில்லை. உம்மிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தச் சுளிக்காத முகம்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.