சீல் உடைக்காத கேன்

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். செதுக்குற மெஷினுக்குப் புதுத் தண்ணி டியூப் வாங்கக் கடைக்குப் போறேன். நான் வர்ற வரைக்கும் மெஷினை ஓட்டாதீங்க.

நேத்து ஸ்பிண்டில் மோட்டார் கை வைக்க முடியாத சூடு. இன்னிக்குக் கழட்டினா, அதைக் குளிர வைக்கத் தண்ணி போற வழியெல்லாம் வெள்ளையா உப்பு அடைச்சிருக்கு, உள்ளே துரு வேற. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினா உப்பு எங்கேருந்து வரும்? போன மாசம் தண்ணி மாத்தினது நீங்க. "கேன் தண்ணிதான் ஊத்தினேன்"னு நேத்து அடிச்சுச் சொன்னீங்க. பார்த்தேன், கேன் சீல்கூட உடைக்கல! குழாய்த் தண்ணியை ஊத்திட்டு என் காதுல பூ சுத்துறீங்களா?

உங்க தம்பி வந்தா அவரையும் கிட்ட விடாதீங்க. அவர் மேலயும் எனக்குச் சந்தேகம்தான்.

பி.கு: செருப்புத் தேடினப்போ இஸ்திரி மேஜைக்கு அடியில பழைய கேன் கிடைச்சது. மேல உங்க கையெழுத்து: "இஸ்திரிக்கு மட்டும்." இஸ்திரிப் பெட்டிக்கு அதுலேருந்து எடுத்துட்டு, குறைஞ்சது தெரியாம இருக்கக் குழாய்த் தண்ணி ஊத்தி வெச்சவ நான்தான். போன மாசம் நீங்க ஊத்தினது இந்தக் கேன் தண்ணியைத்தான். நான் கலந்தது உங்களுக்கு அப்புறம் தெரிஞ்சிருக்கு. மாத்தி ஊத்தத்தான் புதுக் கேனே வாங்கியிருக்கீங்க. அப்படியிருந்தும் நேத்து அவ்வளவு திட்டையும் வாங்கிக்கிட்டு என்னைக் காட்டிக் குடுக்கல.

உண்மையைச் சொல்லுங்க. நீங்க எதை உடைச்சு வெச்சிருக்கீங்க?