ரசமட்டம் வைத்த தோட்டம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், மாப்பிள்ளையின் இருமல் விட்டதா இல்லையா என்று நீ சொல்லவேயில்லை. பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எங்கள் வீட்டு ஒட்டடையெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால்தான் கடிதம். எப்போது கிளம்பி வருகிறீர்கள் என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் தோட்டத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அப்பா ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய இந்த வீட்டை நீ ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாய், அதுவும் இருட்டின பிறகு. கொல்லைப்புறம் முழுக்க எந்தக் காலத்திலோ எரிமலை கக்கியது ஆறி இறுகிக் கிடக்கிறது, ஓட்டை ஓட்டையான கறுப்புக் கல், செருப்பில்லாமல் கால் வைத்தால் தோல் போய்விடும். இதில் தோட்டம் போடப்போகிறேன் என்றார். எனக்கு உன்னிடம் வந்துவிட வேண்டும் என்று இருந்தது, அதனால் ஒரு பந்தயம் வைத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் இந்தப் பாறையில் பச்சையாக ஏதாவது ஒன்று தலைகாட்டினால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு உன்னிடம் வந்துவிடுவது. அவரும் சரியென்றார். ஜெயிப்பேன் என்று தெரிந்துதான் வைத்தேன், மறுநாளே பாத்திரங்களைப் பெட்டிகளில் போட்டுக் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர், லிஃப்ட் தரையோடு தரையாக மயிரிழை பிசகாமல் வந்து நிற்க வேண்டும், அதே புத்தியோடு தோட்டத்திலும் இறங்கினார். சின்னதும் பெரியதுமாகக் கிடந்த சில்லுக் கற்களையெல்லாம் பொறுக்கிச் சுவரோரம் குவித்தார், லாரியில் மண் வரவழைத்துக் கொட்டினார், மரச்சட்டத்தால் இழுத்து இழுத்துச் சமன் செய்தார், தரை சமமா என்று காட்டுகிற ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், நானும் குமிழியைப் பார்த்தேன், வேறு என்ன செய்ய. அப்புறம் இரண்டு மழை பெய்தது, மண்ணைக் காணோம். பாறை வெடிப்புகளை அதுவரை அடைத்துக்கொண்டிருந்ததே அவர் பொறுக்கி எறிந்த சில்லுக் கற்கள்தான். சரிவில் எங்களுக்குக் கீழே இருக்கும் தையல்காரம்மா வந்து, அண்ணே உங்க மண்ணு எங்க சுவத்தோரமா வந்து நிக்குது, நான் பாட்டுக்கு அதுல தக்காளி போட்டுட்டேன், திருப்பிக் கேக்கமாட்டீங்கல்ல என்றாள். அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் இப்போது அவருக்கு ரசமட்டம் என்றே பெயர்.

ஆனாலும் விடவில்லை. தையல்காரம்மாவிடம் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக இருந்தது, எண்ணெய் ஒழுகுகிற இடத்தில் துணி அடைத்துப் பழகியவர் அல்லவா, சில்லுக் கற்களைத் திரும்பக் கொண்டுவந்து வெடிப்புகளில் போட்டுத் துணியால் இறுக்கி அடைத்தார். மேலே அட்டைப்பெட்டி, காய்ந்த இலை, எரு, ஓரங்களில் தங்கியிருந்த மிச்ச மண். என்னிடம் காய்கறித் தோல் கேட்டார், அதையும் விரல்நுனி அளவுக்கு நறுக்கி, சமமாகப் பரப்ப வேண்டுமாம். சமையலுக்கே நான் அவ்வளவு பொடியாக நறுக்குவதில்லை. கோபத்தில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளத்தில் வாளியை அப்படியே கவிழ்த்தேன், அதற்குப் பிறகு தினமும் அங்கேதான். அவர் நூல் பிடித்து வரிசையாகப் போட்ட பீன்ஸில் ஒன்றுகூட வரவில்லை, பாதி அழுகியது, பாதியை எறும்பு கொண்டுபோனது. மழை ஓயத் தொடங்கியது. ஒருநாள் அப்பா ரசமட்டத்தைத் துடைத்துத் தகரப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, வீட்டுத் தரகரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். பந்தயத்தில் ஜெயிக்கப்போகிறவளுக்கு வர வேண்டிய சந்தோஷம் எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போயிருந்த காலையில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கல்லுக்குப் பின்னால் இரண்டு தடித்த இலையோடு ஒரு முளை, விதையின் ஓட்டைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. பூசணி, என் வாளியில் போனதுதான். பக்கத்தில் விரலை விட்டுப் பார்த்தேன், கறுப்பாகப் பொலபொலவென்று இருந்தது, ஒரு மண்புழு வேறு, இந்தப் பாறையில் அது எந்த வழியாக வந்ததோ. தரகர் மறுநாள் வருவதாக இருந்தது. இரண்டு விரலால் கிள்ளினால் போதும், யாருக்கும் தெரியாது, உன்னிடம் வந்துவிடலாம். கிள்ளத்தான் குனிந்தேன், அதை உன்னிடம் மறைக்க எனக்குத் தெரியாது. உன்னைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, சாயங்காலங்களில் ரொம்பவே. ஆனால் கை போகவில்லை. அது நான் போட்டது, நான் கழுவி ஊற்றிய தண்ணீரில் வந்தது. கோழி கொத்தாமல் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவருக்காக உட்கார்ந்திருந்தேன்.

வந்ததும் கூடையை எடுத்துக் காட்டினேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து, தரை சாஞ்சிருக்கு என்றார். இருக்கட்டும் விடுங்க என்றேன். விட்டுவிட்டார், நாற்பது வருஷத்தில் இது முதல் தடவை. அவர் கொட்டிய மண்தான் ஒழுகி அங்கே சேர்ந்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், வாளி விஷயத்தை நீ போனில் உளறி வைக்காதே.

அங்கே எங்களுக்கென்று நீ ஒதுக்கி வைத்த அறையைப் பூட்டி வைக்காமல் புழங்கிக்கொள். லீவு கிடைக்கும்போது நீங்கள் வாருங்கள், பழைய துணி இருந்தால் கொண்டு வா, பருத்தி மட்டும், மற்றது மக்காது. காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். கொடி இப்போது முழ நீளத்துக்குமேல் ஓடிவிட்டது, சுவரில் ஏற்றிவிடக் கயிறு தேவைப்பட்டது, பெட்டிகளில் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா